ரங்கநாயகி என்னும் பெயரின் எடை

மில் மூடிய பிறகு, கேட்டில் பூட்டும் பூட்டின் மேல் அரக்கும் அரக்கின் மேல் தூசியும் படிந்து, வேலைக்குப் போகாத ஆண்கள் வேலைக்குப் போகிறவர்களைப் போலவே விடியலில் எழுந்து குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றுகொண்டிருந்த அந்தக் காலத்தில்தான் எங்கள் லைன் வீடுகளில் சொற்கள் விழத் தொடங்கின. முதலில் விழுந்தது உப்பு. ரீலிங் பிரிவில் நூல் சுற்றிய சுலோச்சனா தன் வாசலில் நின்று எதிர்வீட்டைப் பார்த்து "உப்பு" என்று ஒரு சொல்லைச் சொன்னாள். உள்ளே பால் பொங்கும் சத்தம் கேட்டதால் மீதியைச் சொல்லாமல் விட்டாள். அவள் காலடியில் புளியங்கொட்டை அளவில் கருப்பாக ஒன்று விழுந்தது. எடுத்துப் பார்த்தாள், வெதுவெதுப்பாக இருந்தது. காதில் வைத்தாள், உள்ளிருந்து அவள் குரலே "உப்பு" என்றது. அதை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் பாலை இறக்கப் போனாள். பொங்குகிற பாலைவிட அதிசயம் ஒன்றும் அவசரமில்லை என்று தெரிந்தவர்கள் எங்கள் பெண்கள்.

அன்று மாலைக்குள் எங்கள் வரிசை முழுக்க விழுந்துவிட்டது. விளக்குமாறு, தீப்பெட்டி, பெரியம்மா, வயிற்றுவலி என்று யார் எந்தப் பெயரைச் சொல்லி, அது என்ன செய்தது, என்ன ஆனது, எப்படி இருக்கிறது என்று எதையும் சொல்லி முடிக்காமல் விட்டார்களோ, அந்தப் பெயர் அவர்கள் காலடியில் கல்லாக விழுந்தது. ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவர் "என்னங்க" என்று திரும்பினால் அது விழவில்லை. கூப்பிட்டும் பதில் வராவிட்டால் விழுந்தது. விழுந்ததை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பற்றி உண்மையாக ஒரு வாக்கியம் சொன்னால், கல் வெடித்துப் பஞ்சாகி, ஒரு மூச்சு நேரம் முகத்துக்கு முன்னால் மிதந்து பறந்துபோனது. பொய் சொன்னால் அசையாமல் கிடந்தது. சுலோச்சனா பாலை இறக்கி வைத்துவிட்டு வந்து "உப்பு தீந்துபோச்சு" என்று சொன்னபோது பறந்த பஞ்சுதான் மில் மூடிய பிறகு எங்கள் தெருவில் பறந்த முதல் பஞ்சு. பஞ்சைச் சீவும் கார்டிங் பிரிவில் நுரையீரலைத் தொலைத்த கிழவர்கள் அதை அண்ணாந்து பார்த்துப் பழக்கத்தில் இருமினார்கள்.

இது ஏன் என்று கேட்டவர்கள் குறைவு. கோயில் பூசாரி மாரியம்மன் கோபம் என்றார். டீக்கடை ஹனீபா பாய், மில்லில் இத்தனை வருடம் தின்ற தூசி இப்போதுதான் வெளியே வருகிறது என்றார். நான் இது உற்பத்தி முறையின் நெருக்கடி, உழைப்பிலிருந்து பிரிக்கப்பட்டவனிடமிருந்து சொல்லும் பிரிகிறது என்று விளக்கினேன். 'உற்பத்தி முறை' என் காலில் விழுந்து நகம் பெயர்ந்தது. யாரும் சிரிக்கவில்லை என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சந்தையில் "கத்தரிக்கா, வெண்டைக்கா, மொளகா" என்று கூவிய பெண்கள் மதியத்துக்குள் முழங்கால் வரை தங்கள் கூவலுக்குள் நின்றார்கள். மறுவாரம் முதல் "கத்தரிக்கா இளசா இருக்குது, வெண்டைக்காய ஒடிச்சுப் பாருங்க, மொளகா கண்ணுல தண்ணி வரவைக்கும்" என்று கூவினார்கள், வியாபாரம் கூடியது. பஸ் கண்டக்டர்கள் ஊர்ப்பெயரை மட்டும் சொல்லிச் சொல்லிப் பஸ் சாய்ந்து ஓடுவதைக் கண்டு, "இந்த பஸ் உக்கடம் போகும், ஏறிக்கோங்க" என்று மரியாதையாகப் பேசப் பழகினார்கள். கோயிலில் பெயர், நட்சத்திரம், கோத்திரம் என்று அர்ச்சகர் அடுக்கியதெல்லாம் அவர் காலடியிலேயே குவிந்ததால், பக்தர்கள் ஒவ்வொருவரும் தங்களுக்கு என்ன வேண்டும் என்று நேராகவே சாமியிடம் சொல்லவேண்டியதாயிற்று. அதில் பல குடும்ப ரகசியங்கள் வெளியே வந்தன. ரேஷன் கடைக்காரன் கையில் 'அரிசி'யை வைத்துக்கொண்டு "அரிசி இன்னும் வரலீங்க" என்றான், கல் அசையவில்லை, வரிசையில் நின்றவர்கள் கடைக்குப் பின்னால் போய்க் குடோன் கதவைத் திறந்தார்கள். ஓர் அமைச்சர் எங்கள் பகுதிக்கு வந்து, தன் பட்டங்களையும் தன் தலைவரின் பட்டங்களையும் மேடையில் ஒன்றன் பின் ஒன்றாகச் சொல்லச் சொல்லப் பலகை முனகியது, வணக்கம் சொல்லும் முன்பே மேடை உட்கார்ந்துவிட்டது. நான் பத்திரிகைக்கு அறிக்கை எழுதினேன். பத்திரிகைகள் வழக்கம்போலப் போடவில்லை.

காதலித்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். கக்கூஸ் சுவருக்குப் பின்னால், மோட்டார் ரூம் நிழலில், யாரும் கேட்காத இடம் என்று நினைத்து ஒரு பெயரை மட்டும் முணுமுணுத்தவர்கள் அந்த இடத்திலேயே தடயத்தை விட்டுவிட்டுப் போனார்கள். பெற்றோர்கள் கல்லைக் காதில் வைத்துக் குரலை அடையாளம் கண்டார்கள். அந்த வருடம் எங்கள் லைனில் கல்யாணங்கள் அதிகம்.

சாவு வீடுகளில் மட்டும் கல்லைப் பறக்கவிடும் பழக்கம் வரவில்லை. செத்தவரை மார்பில் அடித்துக் கூப்பிடுகிறார்கள், அவர் பதில் சொல்வதில்லை, பெயர் விழுகிறது. அதை எடுத்து "செத்துப்போயிட்டாரு" என்று சொன்னால் பறந்துவிடும், உண்மைதான். ஆனால் யாரும் சொல்லவில்லை. விளக்கு மாடத்தில் வைத்துக்கொண்டார்கள். எங்கள் லைனில் விளக்கு மாடத்தில் கல் இல்லாத வீடு கிடையாது. அதற்கு யாரும் சட்டம் போடவில்லை, சங்கம் தீர்மானம் நிறைவேற்றவில்லை. ஒருவர் வைத்தார், எல்லோரும் வைத்தார்கள்.

இப்போது என்னைப் பற்றிச் சொல்கிறேன். என் பெயர் நாச்சிமுத்து. ஊரில் தோழர் என்பார்கள். பள்ளிக்கூடத்தை நான் பாதியில் விட்டேன். என்னைப் படிக்க வைத்தவை சிவப்பு அட்டை போட்ட சிறு வெளியீடுகள், ஸ்பின்னிங் பிரிவின் இரைச்சலில் இடுப்பில் செருகி வைத்து, இழை அறாத இடைவெளிகளில் வரிவரியாகப் படித்தவை. இன்று கல்லூரிகளில் அதையே தடித்த புத்தகமாகப் படித்துவிட்டு வந்து பேசுகிற பையன்களைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. லத்தியில் உடைந்த என் இடது மணிக்கட்டு மழைக்காலத்தில் இன்னும் பேசும். யாரிடமும் நான் மன்னிப்புக் கேட்டதில்லை, கேட்கவேண்டிய வேலை எதையும் செய்ததுமில்லை.

எங்கள் வாயிற்கூட்டங்களுக்கு ஒரு முறை உண்டு. கோஷம் போடுகிறவன் முழு வாக்கியம் சொல்லமாட்டான். கேட்டுக்கு எதிரே பெஞ்சின் மேல் நின்று நான் "எட்டு மணி நேர வேலையை" என்பேன். கீழே நிற்கிற கூட்டம் "உறுதி செய்" என்னும். நான் "கதவடைப்பை" என்பேன்; கூட்டம் "விலக்கு" என்னும். பெயர் என்னுடையது, வினை அவர்களுடையது. முப்பது வருடம் நான் பெயர்களைத்தான் சொன்னேன். சொல்லி முடிக்க ஆள் இருந்தது. வேறு மில்களில் எப்படியோ, எங்கள் மில்லில் தலைவன் முழு வாக்கியத்தைத் தானே சொல்லி முடித்தால் அதை அகம்பாவம் என்பார்கள்.

இதனால்தான் சொற்கள் விழத் தொடங்கியபோது ஊரிலேயே அதிகம் விழுந்தது என்னிடமிருந்து. வாய் பழகிவிட்டது. டீ குடிக்கும்போது "முதலாளித்துவம்" என்பேன், பெஞ்சுக்கால் முறியும். நடக்கும்போது "வரலாறு" என்பேன், சாக்கடை மூடி உடையும். அரிசி, உப்பு போன்றவை கொட்டை அளவுதான், என் சொற்கள் ஆட்டுக்கல் அளவு. ஹனீபா பாய் கடையில் என்னை உட்கார வைக்க மறுத்தார்.

"தோழர், உங்களுக்கு டீ உண்டு, பிஸ்கட் உண்டு, பேச்சு மட்டும் கெடையாது. வேணும்னா முழுசா பேசுங்க."

"முழுசாத்தான்யா பேசறேன்."

"இல்லீங்க, நீங்க தலைப்பு மட்டுந்தான் சொல்றீங்க."

மாநகராட்சிப் பள்ளி கிரேஸ் டீச்சர் சாயங்காலங்களில் எங்கள் சங்க அலுவலகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, விழுந்த சொற்களை வாக்கியத்தில் வைத்துப் பறக்கவிடுவதற்கு வகுப்பு நடத்தினார். யாருடைய அனுமதியில் என்று நான் கேட்கப் போனேன். உள்ளே நான் தலைமை தாங்கிய இடத்தில் பாயை விரித்து, வைண்டிங், ரீலிங், ப்ளோ ரூம் என்று பிரிவு பார்க்காமல் ஆணும் பெண்ணும் கலந்து உட்கார்ந்து, ஆளுக்கொரு கல்லைக் கையில் ஏந்தி, "குடம் ஓட்டையா இருக்குது", "நாத்தனா நல்லவதான், வாய்தான் நீளம்" என்று சொல்லிச் சொல்லிப் பஞ்சு பறக்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். சங்கத் தேர்தலுக்குக்கூட அத்தனை பேர் வந்ததில்லை.

"உட்காருங்க தோழர்," என்றார் டீச்சர். "பேரைத் தெரிஞ்சிக்கிறது ஒண்ணு. அதை வெச்சு ஒண்ணு சொல்றது இன்னொண்ணு. பேரு சும்மா நிக்கிற ஆள் மாதிரி. அதுக்கு ஒரு வேலை குடுக்கணும்."

"வேலை குடுக்கறதப் பத்தி எனக்குச் சொல்லித் தர்றீங்களா?"

"நான் உங்களைச் சொல்லலை. இந்தாங்க, இது நீங்க நேத்து வாசல்ல விட்டுட்டுப் போனது."

இரண்டு பேர் சேர்ந்து உருட்டிக்கொண்டு வந்தார்கள். 'ஒற்றுமை'. நான் அதன் மேல் கையை வைத்து, "ஒற்றுமை வெல்லும்" என்றேன். அசையவில்லை. மேடைக் குரலில் சொன்னேன். அசையவில்லை. பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள். சுலோச்சனாதான் எட்டி அதைத் தொட்டு, யாருக்கோ சொல்வதுபோல, "ஒத்துமை இருந்துச்சுங்" என்றாள். அறை முழுக்கப் பஞ்சு. எதிரே இருந்தவர் முகம் தெரியவில்லை. அந்தப் பஞ்சுக்குள் யாராவது அழுதிருந்தால் எனக்குத் தெரியாது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

என் வீட்டுக்கு யாரையும் நான் விடுவதில்லை. அதற்குக் காரணம் ரங்கநாயகி.

ரங்கநாயகி என்பது பெயர். அதற்கு மேல் ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை என்பதால், அது என் வீட்டில் விழுந்துகொண்டே இருந்தது. காலையில் எழுந்ததும் ஒன்று, அடுப்பைப் பார்த்து ஒன்று, சட்டையில் பொத்தான் அறுந்தால் ஒன்று. மாதுளை அளவுக் கல், மற்றவர்களுடையதைவிடச் சற்றுச் சிவப்பு. கட்டிலுக்கு அடியிலும் அலமாரியிலும் தண்ணீர்த் தொட்டியிலும் வைத்தேன். பிறகு சுவரோரமாக அடுக்கினேன். பிறகு நான் படுக்கிற இடம் மட்டும் மிஞ்சியது. குளிர்காலத்தில் அவை சூடாக இருந்தன. அதை யாரிடமும் சொன்னதில்லை.

அவள் என்ன செய்தாள் என்பது ஊருக்கே தெரியும். கதவடைப்பு நீண்டு அடுப்புகள் அணைந்த காலத்தில், கிழக்கே எங்கேயோ இருக்கிற மில்லுக்கு ரீலிங் பெண்கள் வேண்டும் என்று ஓர் ஏஜெண்டு வேனைக் கொண்டுவந்து கேட்டுக்குப் பக்கத்திலேயே நிறுத்தினான். போகிறவர்கள் போராட்டத்தை முறிக்கிறார்கள் என்று சங்கம் அறிவித்திருந்தது, அறிவித்தவன் நான். பெஞ்சின் மேல் நின்று "கதவடைப்பை" என்றேன், கூட்டம் "விலக்கு" என்று கைகளை உயர்த்தியது, அந்தக் கைகளுக்கு அப்பால் என் மனைவி ஒரு துணிப்பையோடு வேனில் ஏறினாள். கூட்டத்தை நடுவில் விட்டு இறங்கி ஓடுகிறவன் தலைவன் அல்ல. இன்றும் அப்படித்தான் சொல்கிறேன். நான் அடுத்த கோஷத்தைச் சொன்னேன். வேன் கிளம்பியது.

எதையும் நான் முயன்று பார்க்கவில்லை என்று நினைக்கவேண்டாம். ஒரு கல்லைக் கையில் எடுத்து, "ரங்கநாயகி துரோகம் செய்தாள்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். அசையவில்லை. அசையாததற்காக அந்தக் கல்லைக் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். "ரங்கநாயகி என்னை மறந்துவிட்டாள்" என்றேன், அசையவில்லை. அன்று இரண்டு டீ குடித்தேன். "ரங்கநாயகி என் மனைவி" என்றும் சொன்னேன். அதுவும் அசையவில்லை. அதற்குப் பிறகு வாக்கியம் எதையும் முயலவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து "ரங்கநாயகி போனாள்" என்றால் எல்லாம் பறந்துவிடும் என்று எனக்குத் தெரியும், குழந்தைக்கும் தெரியும். நான் சொல்லவில்லை. பறந்த பிறகு வீட்டில் என்ன இருக்கும்.

இப்படியே இருந்திருப்பேன். ஆனால் மில் நிலம் விற்கப்பட்டது. வாங்கியவர்கள் மில்லை இடித்து, லைன் வீடுகளை இடித்து, அங்கே அடுக்குமாடி கட்டப்போகிறார்கள். எங்களுக்கு ஊருக்கு வெளியே, ஏரிக்கு அப்பால், மூன்றாவது மாடியில், நாலாவது மாடியில் வீடு. நான் மறியல் அறிவித்தேன். மறியலுக்கு நானும், நிழலுக்கு ஒதுங்கிய ஒரு நாயும் வந்தோம். இடிக்கிற இயந்திரம் எங்கள் வரிசையின் முதல் வீட்டுக்கு வந்துவிட்டது, சாமான் ஏற்றுகிற லாரி என் வாசலில் நின்றது. டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, இந்தக் கல்லை ஏற்றினால் அச்சு முறியும், ஏற்றிப் போனாலும் நாலாவது மாடி தாங்காது, இங்கேயே விட்டால் இயந்திரம் நொறுக்கிச் சாலைக்குப் போடும் என்றான். நொறுக்கிய பெயர் எந்த வாக்கியத்திலும் சேராது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். முதல் வீட்டு விளக்கு மாடத்தில் செத்தவர் கல் ஒன்றை மறந்துபோய் விட்டுவிட்டார்கள். அந்த வீட்டுக்காரி நடுத்தெருவில் உட்கார்ந்து தூளை முந்தானையில் அள்ளிக்கொண்டிருந்தாள், அவள் எதைச் சொன்னாலும் தூள் தூளாகவே இருந்தது.

நான் கதவில் சாய்ந்து நின்றேன். சுலோச்சனா வந்தாள், அவள் பின்னால் ரீலிங்கில் நின்ற பெண்கள், இடுப்பில் செருகிய முந்தானையோடு, ஷிஃப்டுக்கு வருகிறவர்களைப் போல.

"ஏனுங்ணா, தள்ளி நில்லுங்க. நாங்க பாத்துக்கறோம்."

"யாரும் உள்ளே வரவேண்டாம்."

"அவ உங்க பொண்டாட்டிங்க, ஒத்துக்கறோம். எங்களுக்கும் அவ ஆளுதான். மெஷின்ல எங்களோட ஒரே சைடுல நின்னவ. தள்ளுங்க."

கையால் ஒதுக்கிவிட்டு உள்ளே போனார்கள். போலீஸ் லத்தியோடு வந்து செய்ததை இவர்கள் அலட்டிக்கொள்ளாமல் செய்தார்கள். ஒருவரும் 'அய்யோ' என்று சொல்லவில்லை. எவ்வளவு கல் என்று கேட்கவில்லை. ஆளுக்கொன்றை எடுத்தார்கள். நான் காத்திருந்தேன், 'போனாள்' என்ற அந்த ஒரு சொல்லைச் சொல்லப்போகிறார்கள் என்று.

"ரங்கநாயகி அறுந்த நூல முடிச்சுப் போடறப்ப நாக்க ஓரமா நீட்டிக்குவா," என்றாள் ஒருத்தி. கல் பஞ்சானது.

"ரங்கநாயகி பொறை ரொட்டிய டீல நனைக்கமாட்டா. கடக்கு மொடக்குனு கடிச்சுத்தான் தின்பா, மேஸ்திரி திரும்பிப் பாப்பான்."

"மார்கழிக் குளுருல ரங்கநாயகி ரெண்டு ரவிக்கை மேல மேல போட்டுட்டு வருவா. கேட்டா, ஒண்ணு எனக்கு, ஒண்ணு மில்லுக்காரனுக்கும்பா."

சிரித்தார்கள். பஞ்சு பறந்தது. நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ரங்கநாயகி வாழைப்பூ ஆய்கிறபோது பாடினாள். ரங்கநாயகி எட்டாம் நம்பர் வீட்டுக் குழந்தைக்கு அம்மை போட்டபோது வேப்பிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரங்கநாயகி மழையென்றால் ஜன்னலுக்கு வெளியே காலை நீட்டினாள். ரங்கநாயகி சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு, மோட்டார் ரூமைச் சுற்றி ஓட்டி, விழுந்து, முழங்காலில் பட்ட காயத்தை வீட்டில் மறைத்தாள். எங்கள் வீட்டில்தான் மறைத்தாள். சுவரோரம் அடுக்கியிருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக எடையை இழந்து, ஜன்னல் வழியாக, கதவு வழியாக, என் தலைக்கு மேலாக வெளியே போய்க்கொண்டிருந்தது. நான் பெஞ்சில் நின்றபோது எனக்குக் கீழே நின்று வினைகளைச் சொன்ன அதே குரல்கள். அவர்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு வினை இருந்தது. என்னிடம் பெயர் இருந்தது.

"ரங்கநாயகி உங்க மீட்டிங்னா வருவாங்ணா," என்றாள் சுலோச்சனா, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. "பின்னால, அந்தப் புங்க மரத்துக்கிட்ட நிப்பா. நீங்க என்ன சொல்லப்போறீங்கன்னு முன்னாலயே வாய்க்குள்ள சொல்லிருவா. ஒருநா தப்பினது கெடையாது."

அந்தக் கல் பறக்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். பறந்தது.

அவள் இன்னொன்றை எடுத்தாள். "வேன்ல ஏறுனப்பவும் ரங்கநாயகி திரும்பித் திரும்பிப் பாத்தா."

அதுவும் பறந்தது.

"அது எனக்குத் தெரியவில்லை," என்றேன். "கை எல்லாம் உயர்ந்திருந்தது. வேன் கூரைதான் தெரிந்தது."

"எங்களுக்குத் தெரியுமுங்க. நாங்க கையத் தூக்கல."

வீடு காலியானது. சுவரில் இருந்த ஈரக்கறை, ரங்கநாயகி அடித்த காலண்டர் ஆணி, எல்லாம் தெரிந்தது. லாரி டிரைவர் என் டிரங்குப் பெட்டியையும் கட்டிலையும் ஏற்றினான். பக்கத்து வீட்டில் இயந்திரம் சுவரைத் தொட்டது. என் கையில் ஒரே ஒரு கல் இருந்தது. எப்போது எடுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன் என்று தெரியவில்லை.

"அதையுங் குடுங்க," என்றாள் சுலோச்சனா.

"இது இருக்கட்டும். இது ஒன்றைக் கொண்டுபோகலாம்."

"கொண்டுபோயி? மாடத்துல வெப்பீங்களா? அவ செத்தா போனா?" அவள் குரலை உயர்த்தவில்லை. "வெக்காதீங்ணா. போயிப் பாருங்க, இல்லீன்னா, போயிட்டான்னு சொல்லி உட்ருங்க. ரெண்டுல ஒண்ணு பண்ணோணும். கல்லக் கட்டிட்டு அழுவறதுக்கு உங்களுக்கு என்ன வயசு கொறைஞ்சா இருக்குது?"

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. கிரேஸ் டீச்சர் குடையோடு நின்றார், ஹனீபா பாய் பாய்லரைத் தள்ளுவண்டியில் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு பெண் என்னிடம் கேள்வி கேட்டு நான் பதில் இல்லாமல் நின்றதாக ஊர் பேசுவதை என்னால் தாங்கமுடியாது. அவள் வாயை அடைக்கத்தான், வேறெதற்கும் அல்ல, மேடையில் நிற்கிற நிமிர்வோடு, எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னேன்:

"ரங்கநாயகியைத் தேடிப் போகிறேன்."

கல் கையில் கிடந்தது. அசையவில்லை.

சுலோச்சனா கல்லைப் பார்த்தாள், பிறகு என் கால்களைப் பார்த்தாள். "நின்னுட்டே சொன்னா எப்படிங்ணா," என்றாள்.

யாரோ சிரித்தார்கள். நான் செருப்பை மாட்டினேன். மாட்டியது கோபத்தில். ஒரு எட்டு வைத்தேன், உள்ளங்கையில் ஏதோ லேசானது. இன்னொரு எட்டு வைத்தேன், கல் எழுந்தது. பஞ்சாகவில்லை, கல்லாகவே, சிவப்பாக, என் தோள் உயரத்துக்கு எழுந்து எனக்கு முன்னால் ஒரு கை தூரத்தில் நின்றது. நான் நின்றேன், அது இறங்கத் தொடங்கியது. கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தேன், மறுபடி எழுந்தது. அப்படியே தெருமுனை வரை போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் அது கீழே விழுந்துவிடுமோ என்று பயந்து, திரும்பாமலேயே, "பெட்டியை யாராவது வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

"நான் வெச்சுக்கறேன்," என்ற ஹனீபா பாயின் குரல் கேட்டது. "டீ குடிச்சுட்டுப் போறதுன்னா போங்க."

"நிற்க முடியாது பாய்," என்றேன். நான் சொன்ன அந்தச் சொற்களில் ஒன்றும் கீழே விழவில்லை.

அன்று முதல் நடக்கிறேன். கால் தளர்ந்தால் பஸ் ஏறுகிறேன். பஸ் ஓடுகிறவரை அது டிரைவருக்குப் பின்னால் கம்பியோரம் மிதந்துகொண்டு வருகிறது, பஸ் நிறுத்தத்தில் என் மடிக்கு வந்து உட்காருகிறது. பயணிகள் அதைப் பார்த்து நகர்ந்து இடம் விடுகிறார்கள். ஒரு கிழவி, "ரெண்டு டிக்கெட்டா எடுக்கறீங்க?" என்றாள். பல்லடம், காங்கயம், வெள்ளக்கோயில், அப்பால் தாராபுரம் என்று எங்கெல்லாம் நூல் மில் இருக்கிறதோ அங்கெல்லாம் ஷிஃப்டு விடுகிற நேரத்தில் கேட்டுக்கு எதிரே நிற்கிறேன். பெஞ்சு இல்லை, மைக் இல்லை, நான் யார் என்று அங்கே யாருக்கும் தெரியாது. தலையில் பஞ்சு ஒட்டிய பெண்கள் கூட்டமாக வெளியே வருகிறார்கள். அவர்களுக்குச் சங்கம் இல்லை, எட்டு மணி நேரம் இல்லை, நாங்கள் அடிபட்டு வாங்கியது எதுவுமே இல்லை. அதைப் பார்க்கிறபோது பழைய சொற்கள் தொண்டைக்கு வருகின்றன, விழுங்கிக்கொள்கிறேன். ஒருமுறை விழுங்கமுடியாமல் ஒரு பெண்ணிடம், உனக்கு ஓவர்டைம் கொடுக்கிறார்களா என்று கேட்டேன். அவள் என்னை ஏஜெண்டு என்று நினைத்து ஓடிவிட்டாள்.

கூட்டம் கரைகிறபோது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். யாரும் திரும்புவதில்லை. காலடியில் ஒன்று விழுகிறது. எடுத்து, "ரங்கநாயகி இந்த மில்லில் இல்லை" என்கிறேன், பறக்கிறது. அது பறப்பதைப் பார்த்தபிறகுதான் அடுத்த ஊருக்குப் போகிறேன். அவளைப் பார்த்தால் என்ன சொல்வேன் என்று யோசித்து வைத்திருக்கிறேனா என்றால், இல்லை. மழைக்குக் காலை நீட்டுவாயாமே என்று கேட்பேனாயிருக்கும். சைக்கிளிலிருந்து விழுந்த முழங்கால் எது என்று கேட்பேன். அவள் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, திட்டினால்கூடப் போதும், திட்டு முழு வாக்கியமாக இருக்கும்.

இதை எழுதுவது ஒட்டன்சத்திரம் தாண்டி ஒரு மில்லுக்கு எதிரே, டயர் கடை வாசலில் கவிழ்த்துப் போட்ட டிரம்மின் மேல் உட்கார்ந்துகொண்டு. நேற்றெல்லாம் நடந்ததில் குதிகால் வெடித்துவிட்டது, ஒரு நாள் நிற்கலாம் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் கல் இறங்கி மடிக்கு வந்தது. வரவர எடை கூடுகிறது, தொடை மரத்துப்போகிறது. கேட்டில் காவலாளி சங்கிலியை அவிழ்க்கிறான். உள்ளே பெண்களின் பேச்சுச் சத்தம் வருகிறது, யாரோ ஒருத்தி எதையோ கடக்கு மொடக்கென்று கடிக்கிறாளா, இல்லை சங்கிலிச் சத்தமா, இங்கிருந்து சொல்லமுடியவில்லை. தொடை லேசாகிறது. குனிந்து பார்க்கிறேன்.

நான் இன்னும் எழுந்திருக்கவில்லை. அது எழுந்துவிட்டது.